மோருக்கு என்ன அர்த்தம்

உறையூர், திருச்சி
14.7.1997

என் அருமை நாகுவுக்கு, சாவித்ரி அண்ணி எழுதுவது.

கல்கத்தா போய்ச் சேர்ந்து ஒரு மாசம் கழித்துத்தான் அண்ணி ஞாபகம் வந்ததாக்கும். போகட்டும். கடிதம் முழுக்க ஒரே கேள்வியாக எழுதியிருக்கிறாய். அவருக்கு எது பிடிக்கும், எப்படிச் செய்தால் பிடிக்கும், எதைச் செய்தால் கோபம் வராது. கல்யாணமாகி எட்டு மாசம் அவனோடு குடித்தனம் பண்ணுகிறவள் நீ. கேட்பது என்னிடம்! ஆனால் என் தம்பி கிரிதர் வாயைத் திறந்து சொல்லுகிற ஆள் இல்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான், அதிலிருந்து நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதனால் நானே எழுதுகிறேன். இதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

முதலில் காபி. கல்யாணத்துக்கு நான் கொடுத்த பித்தளை ஃபில்டரைத்தானே வைத்திருக்கிறாய்? நல்ல கனமான ஃபில்டர், டிகாக்‌ஷன் ஆறாது. உங்கள் ஊர் ஈரத்துக்குப் பொடி கட்டி தட்டிவிடும், நூறு கிராமுக்கு மேல் அரைத்து வாங்காதே. எண்பதுக்கு இருபது சிக்கரி. ஒரு சிட்டிகை கூடினாலும் அவன் நாக்கு கண்டுபிடித்துவிடும். பொடியின் மேல் அரை ஸ்பூன் சர்க்கரை தூவி, குடையை வைத்து லேசாக அழுத்தி, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஒரே தடவையாக விடு. இறங்கவில்லையே என்று தட்டிக்கொண்டே இருக்காதே. ஓட்டை அடைத்துக்கொண்டால் மேல் பாத்திரத்தின் அடியை காஸ் அடுப்பில் காட்டி, சூட்டோடு கவிழ்த்துத் தட்டு. அடைத்த பொடி கருகி உதிர்ந்துவிடும்.

கேக் பண்ண வேண்டுமென்று ஆசைப்படுகிறாயே, ஓவன் எல்லாம் எதற்கு? குக்கரில் இரண்டு டம்ளர் ஆற்றுமணலைப் போட்டு, காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, பத்து நிமிஷம் காயவிட்டு உள்ளே பாத்திரத்தை வை. நாற்பது நிமிஷம் சின்ன தீ. முட்டைக்குப் பதில் புளித்த தயிர். வீட்டில் முட்டை வாசனையே வரக் கூடாது, ஜாக்கிரதை.

கடைசியாக மோர். இதை இரண்டு தடவை படி. ரசம் சாதம் முடியும்போது மோர் என்பான். அவன் வாயை மூடுவதற்குள் தட்டில் மோர் விழ வேண்டும். அப்போது எழுந்து போய்க் கடையக் கூடாது. முன்கூட்டியே கடைந்து வடிகட்டி, உப்பும் தட்டின இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டுச் சொம்பில் பக்கத்திலேயே வைத்துக்கொள். புளிப்பு கூடாது. ஜில்லென்றும் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டு ஆண்கள் எதை மன்னித்தாலும் மோரை மன்னிக்க மாட்டார்கள், அது பரம்பரை!

என் வீட்டுக்காரர் மஹாதேவன் சௌக்கியம். இப்போதுதான் ஒரு கரப்பான்பூச்சியை அடிக்க மனசில்லாமல் முறத்தில் ஏந்தி வாசலில் கொண்டுபோய் விட்டு வந்தார். பதில் போடு.

சாவித்ரி


பவானிபூர், கல்கத்தா
2.9.1997

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையலறை அலமாரியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். காபிக்கு லேக் மார்க்கெட்டில் கருப்பையா என்பவர் கடை இருக்கிறது, நம்மூர்க்காரர். கண்ணெதிரே வறுத்து அரைத்துக் கொடுக்கிறார். எண்பதுக்கு இருபது என்றதும் ‘வீட்டுக்காரருக்கு நாக்கு நீளமோ’ என்று கேட்டார். சிரித்தேன்.

பக்கத்துப் போர்ஷனில் மேக்னா பௌதி இருக்கிறாள். பௌதி என்றால் இங்கே அண்ணி. ஆக எனக்கு இந்த ஊரிலும் ஒரு அண்ணி கிடைத்துவிட்டாள், பொறாமைப்படாதீர்கள். அவள் சமையலறைக்கும் என் சமையலறைக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி, ஜன்னலுக்கு நேர் ஜன்னல். அவள் கடுகெண்ணெய் காய்ச்சினால் எனக்குக் கண் எரியும், நான் பெருங்காயம் பொரித்தால் அவள் தும்முவாள். அவளிடம் வட்டமான கரண்ட் ஓவன் ஒன்று உண்டு, மூடியில் கண்ணாடி வைத்தது. அதில் பிஸ்கட், கேக் என்று ஏதாவது செய்துகொண்டே இருக்கிறாள். திராட்சையை மாவில் புரட்டிப் போட்டால் அடியில் தங்காது என்று சொல்லிக் கொடுத்தாள். பதிலுக்கு நான் டிகாக்‌ஷன் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். நுன் என்றால் உப்பு, சினி என்றால் சர்க்கரை. எனக்குத் தெரிந்தது இந்த அடுக்களை வங்காளம் மட்டும்தான்.

இனி எழுதத் தயங்கியதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கருப்பையா கடை மூடியிருந்தது. தெருமுனையில் சிக்கரி தூக்கலான பாக்கெட் பொடி வாங்கிக் காபி போட்டேன். உங்கள் தம்பி ஒரு வாய் குடித்தார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். எழுந்து சமையலறைக்கு வந்து ஃபில்டரின் மேல் பாத்திரத்தைக் கையில் எடுத்தார். கழுவிவைக்கப் போகிறாரோ என்று ஒரு நொடி நினைத்தேன், பைத்தியக்காரி. அதை என் முகத்தில் எறிந்தார். இடது புருவத்துக்கு மேல் பிளந்துவிட்டது. சூடான காபிச் சக்கை கழுத்தெல்லாம் கொட்டிக் கொப்புளம். ரத்தம் கண்ணுக்குள் இறங்கி எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் பேசியது மட்டும் கேட்டது. ‘துடைச்சுட்டு வேற காபி போடு’ என்றார்.

போட்டேன். ஒரு கையால் புருவத்தைப் பொத்திக்கொண்டு போட்டேன். அதைக் குடித்துவிட்டுத்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பரணிலிருந்து பாத்திரம் விழுந்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னார். நானும் தலையாட்டினேன். மூன்று தையல்.

கை ஓங்கியது இது முதல் தடவை இல்லை அண்ணி. ரத்தம் வந்தது முதல் தடவை. உங்கள் ஃபில்டர் ஒரு பக்கம் நெளிந்துவிட்டது. நல்ல கனம் என்று நீங்கள் எழுதியது உண்மைதான்.

நீங்கள் சொன்னால் கேட்பார். ஒரு வார்த்தை எழுதுங்கள்.

நாகலட்சுமி


உறையூர்
15.9.1997

நாகுவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பாக்கெட் பொடியை அவனுக்குக் கொடுப்பாயா? சனிக்கிழமையே வாங்கி வைத்திருக்கக் கூடாதா? அவன் கெட்டவன் இல்லை. தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை. துறைமுக ஆபீஸில் நாள் முழுக்க வெயிலில் நின்று பத்துப் பேரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வருகிறான். ஆம்பிளைக்குக் கோபம் வருகிற இடம் தெரிந்து நாம்தான் நடந்துகொள்ள வேண்டும். அவனுக்கு நான் எழுதினால் ‘என் அக்காவிடம் கோள் மூட்டினாயா’ என்று இன்னும் இரண்டு வைப்பான். அதனால் எழுதவில்லை.

சொல்வதைக் கேள். எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று வாங்கிக்கொள், லேசாக இருக்கும். கொதிக்கிற பாத்திரம் எதையும் அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைக்காதே. காபியைக் கொடுத்துவிட்டு எதிரே நிற்காதே, கதவுப் பக்கமாக நில். முதல் வாய் குடிக்கும்போது முகத்தைப் பார்க்காதே, தோளைப் பார். தோள் இறங்கினால் பிரச்சினை இல்லை. ஏறினால் ‘பால் பொங்குது’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடு. அடிக்க வந்தால் குனி, முதுகில் விழட்டும். முதுகு யார் கண்ணிலும் படாது.

அப்புறம், பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை மூச்சு விடாதே. நம் வீட்டு மானம் ஊர் பேர் தெரியாதவள் வாயில் போய் விழ வேண்டாம்.

மோர்க்குழம்புக்குத் துவரம்பருப்பு ஊறவைத்து அரைத்தாயா? நுரை கட்டியதும் இறக்கிவிடு, கொதித்தால் திரிந்துவிடும்.

சாவித்ரி


பவானிபூர்
4.1.1998

அண்ணி,

மூன்றரை மாசமாக எழுதவில்லை. கோபம்தான், வேறென்ன. புருவத்தைத் தைத்துக்கொண்டு வந்தவளுக்கு மோர்க்குழம்பு நுரை கட்டுவதைப் பற்றி எழுதினீர்களே! படித்துவிட்டுக் கிழித்தேன். ஆனால் வாசகம் மனசில் ஒட்டிக்கொண்டது. தோளைப் பார், கதவுப் பக்கம் நில், முதுகில் விழட்டும். அத்தனையும் பலித்தது அண்ணி. தோள் ஏறினால் அடி உறுதி. அதனால் கேட்கிறேன். இந்த வித்தையெல்லாம் உங்களுக்கு எங்கே கிடைத்தது? மஹாதேவன் அண்ணன் கரப்பான்பூச்சியை முறத்தில் ஏந்துகிறவர். அவரிடம் நீங்கள் இதைக் கற்றிருக்க முடியாது.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி மேக்னா தன் ஓவனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். இந்தக் காலத்தில் இங்கே ஈச்ச வெல்லம் புதிதாக வரும், புகை வாசனையோடு. அதைக் கரைத்து, ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டு ஒரு கேக். உள்ளே வெந்துவிட்டதா என்று ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும், ஊசியில் ஒட்டாமல் வந்தால் சரி. அது பொங்கி மேலே வெடித்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்து இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கை தட்டினோம். இந்த ஊருக்கு வந்து நான் சந்தோஷமாக இருந்த நாள் என்று சொன்னால் அது ஒன்றுதான். அவள் ஓவனை ஆறவிட்டு எடுத்துக்கொள்கிறேன் என்று போனாள்.

உங்கள் தம்பி அன்று சீக்கிரம் வந்துவிட்டார். மூக்கை உறிஞ்சினார். ‘முட்டையா?’ என்றார். ஆமாம் என்றேன். பொய் சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லை. பிடிதுணியை எடுத்து ஓவன் மூடியைத் தூக்கினார். என் வலது முழங்கையைப் பிடித்து மேடை மேல் வைத்து, அதன் மேல் அந்த மூடியை வைத்து அழுத்தினார். அழுத்திக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினார். அவசரப்படாமல் பத்து வரைக்கும் எண்ணினார். தோல் கருகுகிற வாசனை கேக் வாசனையோடு கலந்துவிட்டது. அதற்கப்புறம் ஈச்ச வெல்லத்தை முகர்ந்தாலே எனக்கு வாந்தி வருகிறது.

அன்றைக்குக் காய்கறிக் கத்தி மேடை மேல்தான் கிடந்தது. இடது கைக்கு எட்டுகிற தூரம். ஏழு எண்ணும்போது அதைப் பார்த்தேன். கழுத்தில் எந்த இடம் என்றுகூட யோசித்துவிட்டேன். கைக்குத்தான் தைரியம் வரவில்லை. இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் கையில் போட்ட கட்டை மேக்னா பார்த்தாள். இரண்டு நாள் கழித்து, பாதி இந்தியும் பாதி வங்காளமுமாக, ‘சாப்பிடும்போது தினமும் அப்படிக் கத்துகிறாரே, உனக்குக் கஷ்டமாக இல்லையா?’ என்றாள். மோரைச் சொல்கிறாள் என்று புரிந்தது. ‘அது அவங்க வீட்டுப் பழக்கம், அதைச் சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு முடியாது’ என்றேன். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

இனிமேல் கடிதத்தை மேக்னா விலாசத்துக்குப் போடுங்கள். இந்த வீட்டுப் போனுக்கும் பூட்டுப் போட்டாயிற்று.

நாகலட்சுமி


உறையூர்
19.1.1998

நாகுவுக்கு,

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன். அதைக் கேட்காதே.

இங்கே வந்துவிடு என்று எழுதத்தான் ஆசை. என் வீட்டுக்காரரிடம் ஜாடையாகக் கேட்டேன். புருஷன் பெண்டாட்டி நடுவில் நீ புகாதே என்றார். அவர் நல்லவர், ஆனால் சண்டை என்றால் பயம். எனக்கும் பயம்தான். கொஞ்ச நாள் பொறு. ஒரு குழந்தை வந்தால் மாறுவான் என்று எழுத வந்தேன். அதையும் எழுத மனசு வரவில்லை.

புண்ணுக்குத் தேங்காயெண்ணெய் தடவாதே, டாக்டர் கொடுத்ததையே போடு. தயிர் புளிக்காமலிருக்க ஒரு துண்டு தேங்காயை உள்ளே போட்டு வை. பானையைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் உட்காரவை. மோராவது சரியாக இருக்கட்டும். மோர் சரியாக இருந்தால் பாதி அடி குறையும்.

சாவித்ரி


மேக்னா வீடு, பவானிபூர்
10.2.1998

அண்ணி,

இடது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. தோளெலும்பிலும் கீறல். வலது கை எழுதும். நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். உங்கள் யோசனைப்படி தயிரில் தேங்காய்த் துண்டு போட்டிருந்தேன். ரசம் முடிந்தது, மோர் என்றார், ஊற்றினேன். ஒரு வாய் வைத்தார். தோள் ஏறிற்று. ‘தேங்காய் நாறுது’ என்றார். நான் பால் பொங்குகிறது என்று சொல்லிச் சமையலறைக்குப் போனேன். பின்னாலேயே வந்தார். இஞ்சி தட்டுகிற கல் குழவி மேடையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ‘வேற மோர்’ என்றார். வேறு மோருக்கு எங்கே போவேன்? ‘மோர்!’ என்று ஓங்கினார். கையைத் தூக்கினேன், மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. ‘மோர்!’ தோளில். ‘மோர்!’ தலைக்கு வந்தது, குனிந்துவிட்டேன், கதவுப் பலகை பிளந்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்த ஒரு வார்த்தைதான். ஏழோ எட்டோ தடவை.

அதற்குள் வாசல் கதவை உடைத்துக்கொண்டு மேக்னாவும் அவள் புருஷனும் மாடிக்காரர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். மேக்னா கையில் சப்பாத்திக் கட்டை. அவர் முழங்காலில் ஒன்று வைத்தாள் பாருங்கள், குழவி கீழே விழுந்தது. அவரும் விழுந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனசுக்கு நன்றாக இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில்தான் அந்த விஷயம் தெரிந்தது. மேக்னா எழுதிக் கொடுத்தது இதுதான்: ‘ஆறு மாசமாக ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டின்போதும் இந்த ஆள் பெண்டாட்டியைப் பார்த்துச் செத்துப் போ, செத்துப் போ என்று கத்துகிறான். அவளிடம் கேட்டேன், வீட்டுப் பழக்கம் என்றாள். இன்றைக்கு அதையே சொல்லிச் சொல்லிக் கல்லால் அடித்தான்.’ அண்ணி, வங்காளத்தில் மொர் என்றால் செத்துப் போ என்று அர்த்தம். எனக்கு உப்பும் சர்க்கரையும்தானே தெரியும், அது தெரியாமல் போயிற்று. நம் மோர் அவள் ஜன்னலைத் தாண்டும்போது மொர் ஆகியிருக்கிறது.

வெறும் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்றால் அன்று சாயங்காலமே புத்தி சொல்லி அனுப்பியிருப்பார்கள். மாடிக்காரர் சொன்னார். சாகச் சொல்லிக்கொண்டே அடித்தான் என்பதால் கொலை முயற்சி என்று எழுதி உள்ளே வைத்துவிட்டார்கள். அவர் கம்பிக்குப் பின்னால் நின்று ‘அது சாஸ், குடிக்கிற சாஸ்’ என்று மோருக்கான இந்தி வார்த்தையைச் சொல்லிக் கத்தினார். போலீஸ் ஆபீசர் சிரித்தார். ‘மோருக்காக எவனாவது பெண்டாட்டி கையை உடைப்பானா? நல்ல பொய்யாகச் சொல்லு’ என்றார்.

என்னைக் கேட்டார்கள். வலி தாங்கவில்லை, அப்புறம் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன்.

இன்று காலை அவர் ஆபீஸ் சந்தானம் சார் ஒரு வக்கீலோடு வந்தார். இருபதாம் தேதி ஜாமீன் கேட்கிறார்களாம். மொர் இல்லை மோர், பாஷை தெரியாத பக்கத்து வீட்டுக்காரி தப்பாகப் புரிந்துகொண்டாள், குழவி கை தவறி விழுந்தது என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுவார் என்று எனக்கு நல்ல சேதி சொல்கிற மாதிரி சொன்னார். உங்களுக்கும் எழுதியிருக்கிறார்களாம், வீட்டுக்கு மூத்தவர் என்பதால் நீங்களும் அப்படியே எழுதித் தர வேண்டுமாம்.

மோர் என்றால் மோர்தான். அது சத்தியம். அந்தச் சத்தியத்தைச் சொன்னால் அவர் வீட்டுக்கு வருவார். இந்தத் தடவை குனிந்துவிட்டேன், அடுத்த தடவை தலை தப்பாது. உங்களைக் கெஞ்சப் போவதில்லை. என்ன எழுதப் போகிறீர்கள் என்று மட்டும் எனக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

நாகலட்சுமி


உறையூர்
14.2.1998

நாகுவுக்கு,

கூரியரில் அனுப்புகிறேன், சீக்கிரம் வந்துவிடும். சந்தானம் எழுதின கடிதமும் வந்தது. என்னென்ன எழுத வேண்டும் என்று அவரே டைப் அடித்து அனுப்பியிருக்கிறார், கீழே கையெழுத்து மட்டும் நான் போட வேண்டுமாம். அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டேன்.

நீ கேட்டாயே, இந்த வித்தை எங்கே கிடைத்தது என்று. எங்கள் அப்பாவிடம். அவருக்கும் அதே வார்த்தைதான். அவர் மோர் என்று குரல் கொடுத்ததும் அம்மா எங்களைக் கொல்லைக்குப் போகச் சொல்லுவாள். நான் கிரிதர் காதைப் பொத்திக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். சத்தம் நின்றதும் உள்ளே வந்து, தரையில் கொட்டினதை நான்தான் துடைப்பேன். சமையலை நான் ஆசைப்பட்டுக் கற்கவில்லை நாகு. எந்தப் பதத்தில் அடி விழாது என்று பார்த்துப் பார்த்துக் கற்றது. அதைத்தான் உனக்கு மடல் மடலாக எழுதி அனுப்பியிருக்கிறேன், என்னமோ பெரிய கைமணக்காரி மாதிரி.

எனக்குப் பதினாலு வயசு, அவனுக்கு எட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை வெளியே அனுப்ப அம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. மத்தின் கட்டை முனையால் அப்பா அம்மாவின் பின்மண்டையில் அடித்தார். மூன்று அடி. அம்மா தயிர்ப்பானை மேலேயே விழுந்தாள். வெள்ளையும் சிவப்பும் கலந்து வாசல்படி வரைக்கும் ஓடிற்று. அப்பா அவளைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார். போலீஸ்காரர் வந்து என்னைக் கேட்டார். வழுக்கி விழுந்துட்டாங்க என்று சொன்னேன். அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். எங்களுக்குச் சோறு போட அப்பாவை விட்டால் ஆளில்லை என்று அத்தை சொல்லியிருந்தாள்.

அப்போது கிரிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் பார்த்தவன் அவன். நான் சொன்னதையும் கேட்டான். அடித்தாலும், கொன்றாலும், வீட்டுப் பெண்கள் வெளியே சொல்ல மாட்டார்கள் என்று அவன் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டான். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா இல்லை, நான். இருபத்தைந்து வருஷமாக இது என் தொண்டையில் நிற்கிறது.

உன் புருவம் கிழிந்தபோது நான் செய்ததும் அதுதான். பாக்கெட் பொடி ஏன் வாங்கினாய் என்று கேட்டேன். என்னை நீ மன்னிக்க வேண்டாம்.

இதோடு இரண்டு பக்கம் தனியாக வைத்திருக்கிறேன். ஒரு பிரதி நேரே அந்த ஆபீசருக்கும் போட்டுவிட்டேன், சந்தானத்துக்கு அனுப்பவில்லை. மேலே உனக்கு எழுதினதெல்லாம் அதில் இருக்கிறது, அம்மா பெயர், தேதி, நான் பொய் சொன்னது உட்பட. மோர் என்றால் தமிழில் கடைந்த தயிர் என்று எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்றும் எழுதியிருக்கிறேன். அந்த வங்காளி அம்மாவுக்குப் பாஷை தெரியாது, ஆனால் அவர் கேட்டது சரி என்று எழுதியிருக்கிறேன்.

நீ பொய் சொல்லாதே. மோர் என்றால் மோர் என்றே சொல்லு.

என் வீட்டுக்காரரிடமும் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் ஹௌராவுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வந்தார். இருபத்தாறாம் தேதி காலையில் அங்கே இருப்போம்.

சாவித்ரி


மேக்னா வீடு
21.2.1998

அன்புள்ள அண்ணி,

நீங்கள் ரயில் ஏறுவதற்குள் இது கையில் கிடைக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். உங்கள் இரண்டு பக்கத்தை நானும் மேக்னாவும் சேர்ந்து படித்தோம். நான் இந்தியில் சொல்லச் சொல்ல அவள் அழுதாள். பிறகு எழுந்து போய், ஃபில்டரில் தானே டிகாக்‌ஷன் இறக்கி எனக்குக் காபி கொண்டுவந்தாள். தண்ணீர் அதிகம், சர்க்கரை கொஞ்சம் தூக்கல். முழுக்கக் குடித்தேன்.

நேற்று கோர்ட். தமிழை வங்காளத்தில் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். கருப்பையா கடையை அடைத்துவிட்டு வந்தார். முதலில் என்னைக் கேட்டார்கள். மோர் என்றால் என்ன? கடைந்த தயிர் என்றேன். சந்தானம் சார் கூட்டி வந்த வக்கீல் முகமெல்லாம் சிரிப்பு. அப்படியானால் உன்னைச் சாகச் சொல்லவில்லையே என்றார். இல்லை என்றேன். ‘தேங்காய் வாசனை அடிச்சதுக்காகக் கல்லால அடிச்சாரு. சிக்கரி கூடினதுக்காக மண்டைய உடைச்சாரு. முட்டை போட்டதுக்காகச் சூடு வச்சாரு’ என்று சொல்லி, புருவத்தையும் முழங்கையையும் மாவுக்கட்டையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். கருப்பையா அதை வங்காளத்தில் சொன்னார். அந்த ஆபீசர் குனிந்துகொண்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் உங்கள் கடிதத்தை வாசித்தார்கள். கருப்பையா ஒரு வரி தமிழில் படிப்பார், ஒரு வரி வங்காளத்தில் சொல்வார். அதனால் உங்கள் தம்பிக்கு ஒவ்வொரு வரியும் கேட்டது. அதுவரைக்கும் அவர் மார்பில் கை கட்டிக்கொண்டு நின்றிருந்தார், ஏதோ ஆபீஸ் மீட்டிங்குக்கு வந்தவர் மாதிரி. மத்து என்ற இடம் வந்ததும் கை இறங்கிவிட்டது. ‘வழுக்கி விழுந்துட்டாங்க என்று நான் சொன்னது பொய்’ என்று நீங்கள் எழுதியதைக் கருப்பையா படித்தபோது, கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தே விட்டார்.

ஜாமீன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மேக்னா என் நல்ல கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே கூட்டிக்கொண்டு போகும்போது நான் இருந்த பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். என் எதிரில் நின்றார். பழக்கத்தில் தோளைத்தான் பார்த்தேன். ஆனால் எழுந்து ஓடவில்லை, குனியவும் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு, ‘எங்க அக்கா சொல்ல மாட்டா. எது நடந்தாலும் அவ வெளிய சொல்லவே மாட்டா’ என்றார். இரண்டு தடவை சொன்னார்.

‘சொல்லிட்டாங்க’ என்றேன்.

நாகலட்சுமி